மரம் நகர்கிறது, பூஞ்சை உடன்வருமா?

வெப்பம் கூடி, மழை முறைதவறி, காடுகளின் எல்லைகளே நகரத் தொடங்கிவிட்ட இக்காலத்தில், வேரோடு சேர்ந்து வாழும் பூஞ்சைகள் செடிகளைக் காப்பாற்றுமா, அல்லது பூஞ்சைகளே புதிய நோய்களாக வந்து அவற்றை அழிக்குமா என்பது கேள்வி. வேர்ப்பூஞ்சையைப் பொட்டலமாக வாங்கி மண்ணில் கலந்தால் பலன் உண்டா என்பதும் கூடவே கேட்கப்பட்டிருக்கிறது. முதல் கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் விடை கிடையாது. இரண்டும் நடக்கின்றன, ஒரே பூஞ்சை ஓர் இனத்து மரத்தில் தீங்கற்ற விருந்தாளியாகத் தங்கிவிட்டு, அதன் நெருங்கிய உறவான வேறோர் இனத்து மரத்தைக் கொன்றுபோடுவதும் உண்டு. எது எப்போது நடக்கும் என்று அறிய வேண்டுமானால், இந்த உறவை நட்பு என்றோ பகை என்றோ பார்க்காமல் ஒரு கொடுக்கல் வாங்கலாகப் பார்ப்பதே சரியான வழி என்பது என் கருத்து. சூழல் மாறும்போது முதலில் மாறுவது அந்தக் கொடுக்கல் வாங்கலின் கணக்குதான்.

நிலத்தில் செடிகள் கால்பதித்த காலத்திலேயே இந்த உறவும் இருந்தது. ஸ்காட்லாந்தில் ரைனி என்ற சிற்றூருக்கு அருகே கிடைத்த, சுமார் 40 கோடி ஆண்டுகள் பழமையான பாறையில், வேர் என்று சொல்லத்தக்க உறுப்பே இல்லாத தொடக்ககாலச் செடிகளின் திசுக்களுக்குள் பூஞ்சை கிளைபரப்பி நிற்பது தெளிவாகத் தெரிகிறது. ஆனால் இதற்கு ஒரு பெயர் கிடைத்தது 1885இல்தான். டிரஃபிள் என்னும் நிலத்தடிக் காளானைப் பயிரிடுவதற்கு வழி தேடும்படி பிரஷ்ய அரசு ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க் என்ற தாவரவியலாளரிடம் பணி ஒப்படைத்திருந்தது. அவர் தேடப்போனது காளானை. கண்டுகொண்டது, மரங்களின் நுனிவேர்களைப் பூஞ்சை ஓர் உறைபோலப் போர்த்தியிருப்பதையும் அதனால் மரம் நோயுறாமல் செழிப்பதையும். வேரும் பூஞ்சையும் சேர்ந்த அந்தக் கூட்டு உறுப்புக்கு அவர் மைக்கோரைசா என்று பெயரிட்டார். தமிழில் அதையே வேர்ப்பூஞ்சை என்கிறோம்.

வேர்ப்பூஞ்சையில் பல வகைகள் இருந்தாலும், இங்கே இரண்டைப் பிரித்தறிந்தால் போதும். முதலாவது அகவகை: வேரின் செல்சுவரைத் துளைத்து உள்ளே போய், ஒரு குட்டி மரம்போலக் கிளைத்து, பெரும்பாலும் மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, செடிக்குக் கொடுத்துச் சர்க்கரையையும் கொழுப்பையும் வாங்கிக்கொள்வது. நிலத் தாவர இனங்களில் ஏறத்தாழ 70 சதவீதம் இந்த வகையோடுதான் வாழ்கின்றன. இரண்டாவது புறவகை: செல்லுக்குள் நுழையாமல் வேர்நுனியை உறையிட்டு மூடிக்கொள்வது, பைன், ஓக், பீச், பிர்ச் போன்ற மரங்களுக்கு உரியது, காட்டுத் தரையில் நாம் காணும் குடைக்காளான்களில் பல இதன் கனியுறுப்புகள். தாவர இனங்களை எண்ணினால் இவ்வகையோடு வாழ்பவை 2 சதவீதம்தான், ஆனால் உலகில் நிற்கும் மரங்களை எண்ணினால் பாதிக்கும் மேற்பட்டவை இதைச் சார்ந்தவை. இப்பூஞ்சைகளில் சில, மட்கிய இலைக்குவியலைத் தாமே சிதைத்து அதிலுள்ள தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, பிரித்தெடுக்க வல்லவை. அகவகைக்கு அந்தத் திறமை அநேகமாக இல்லை. இந்த ஒரு வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பாதி விஷயம் தானே விளங்கிவிடும்.

செடி இதற்குக் கொடுக்கும் விலை சிறிதன்று. அகவகைப் பூஞ்சைக்கு மட்டுமே, ஒளிச்சேர்க்கையால் உண்டாக்கும் உணவில் 4 முதல் 20 சதவீதம் வரை போகிறது. உலகத் தாவரங்கள் அனைத்தும் சேர்ந்து ஆண்டுதோறும் வேர்ப்பூஞ்சைகளுக்கு அளிக்கும் கரிமம், கார்பன் டை ஆக்சைடு கணக்கில் சுமார் 1,300 கோடி டன் என்று 2023இல் ஒரு மதிப்பீடு வெளியானது. அது புதைபடிவ எரிபொருள்களால் ஓராண்டில் வெளியாகும் அளவில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகம். இந்த எண்ணைப் பலரும் மண்ணில் நிலையாகச் சேமிக்கப்படும் அளவு என்று தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். அது பூஞ்சையின் கைக்கு வந்து சேரும் அளவு மட்டுமே. அதில் எவ்வளவு சில நாள்களிலேயே மூச்சாக வெளியேறுகிறது, எவ்வளவு மண்ணில் நிற்கிறது என்பது வேறு கணக்கு.

இவ்வளவு விலை கொடுக்கும் செடி சும்மா இருப்பதில்லை. ஒரே வேர்த்தொகுதியில் பல பூஞ்சைகள் குடியிருக்கும்போது, அதிக மணிச்சத்து தருகிற பூஞ்சைக்கு அதிகச் சர்க்கரை போவதையும், அதிகச் சர்க்கரை தருகிற வேருக்குப் பூஞ்சை அதிக மணிச்சத்து அனுப்புவதையும் 2011இல் டோபி கியர்ஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர் சோதனையில் காட்டினார்கள். எந்தப் பக்கமும் மற்றப் பக்கத்தை அடிமையாக்கி வைத்திருக்கவில்லை. மண்ணில் மணிச்சத்து மிகுந்துவிட்டால் செடி பூஞ்சையை வேரிலிருந்து ஒதுக்கத் தொடங்கும். நிழல் கூடி ஒளிச்சேர்க்கை குறைந்தாலோ, அதே பூஞ்சை இப்போது செடிக்குச் சுமையாகிவிடும். உதவியாளன் ஒட்டுண்ணியாவதற்குப் பூஞ்சையின் இயல்பு மாற வேண்டியதில்லை. அதைச் சுற்றியுள்ள சூழல் மாறினாலே போதும்.

ஐரோப்பாவின் காடுகளில் இது பெரிய அளவில் நிகழ்ந்திருக்கிறது. தொழிற்சாலை, வாகனம், கால்நடைப் பண்ணை ஆகியவற்றிலிருந்து காற்றில் கலந்த நைட்ரஜன் மழையோடும் தூசியோடும் காட்டில் இறங்கியது; மரங்களுக்குத் தழைச்சத்து தேடிக்கொடுத்த பூஞ்சைகளுக்கு வேலை இல்லாமற்போனது. நெதர்லாந்தில் மஞ்சள் சாந்தரெல் உள்ளிட்ட புறவகைக் காளான்கள் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கண்கூடாகக் குறைந்தன. பின்னர் 20 ஐரோப்பிய நாடுகளில் 137 காட்டுப் பகுதிகளை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வு, ஹெக்டேருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 6 கிலோ நைட்ரஜன் இறங்கினாலே பூஞ்சைக் கூட்டத்தின் அமைப்பு மாறத் தொடங்குகிறது என்று கண்டது. முதலில் விலகுபவை, மட்கைச் சிதைத்துச் சத்தெடுக்கும் உழைப்பாளிப் பூஞ்சைகள். அவற்றின் இடத்தில் தங்குபவை, தயாராகக் கரைந்து கிடக்கும் நைட்ரஜனை அள்ளிக்கொள்ளும் பூஞ்சைகள். வெளியிலிருந்து பார்த்தால் மரம் பசுமையாகவே நிற்கும். மண்ணுக்கடியில் ஆள்மாற்றம் நடந்து முடிந்திருக்கும்.

காற்றில் கார்பன் டை ஆக்சைடு கூடினால் செடிகள் செழித்து வளரும், அந்த வளர்ச்சியே கரிமத்தை உறிஞ்சிவிடும் என்ற நம்பிக்கைக்கும் இங்கே ஒரு நிபந்தனை முளைக்கிறது. உலகின் பல இடங்களில் நடந்த சோதனைகளைத் தொகுத்து 2016இல் வந்த ஆய்வின்படி, புறவகைப் பூஞ்சையோடு வாழும் தாவரங்கள் மண்ணில் நைட்ரஜன் குறைந்தாலும் மிகுந்தாலும் சுமார் 30 சதவீதம் கூடுதலாக வளர்ந்தன. அகவகையோடு வாழ்பவை நைட்ரஜன் குறைந்த மண்ணில் சொல்லத்தக்க வளர்ச்சி எதையும் காட்டவில்லை. காரணம் முன்பே சொன்னதுதான்: கூடுதல் சர்க்கரையைக் கூலியாகக் கொடுத்தால் மட்கிலிருந்து நைட்ரஜனைப் பிரித்துத் தர ஒருவகைக்கு முடியும், மற்றதற்கு முடியாது. ஆனால் இதே ஆய்வாளர்கள் 2021இல் மறுபக்கத்தையும் காட்டினார்கள். செடி அதிகம் வளர்ந்த இடங்களில் மண்ணின் கரிமம் கூடவில்லை; செடியின் வளர்ச்சி அவ்வளவாகக் கூடாத புல்வெளிகளில் மண்ணின் கரிமம் கூடியது. மட்கை உடைத்து மரம் வளர்த்தால் மட்கு குறையத்தானே செய்யும்.

வடதுருவத்தை ஒட்டிய நிலங்களில் இதன் பொருள் இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. அங்கே வெப்பம் உயர உயர, மரமற்ற தூந்திரத்துக்குள் புதர்களும் பிர்ச் மரங்களும் முன்னேறுகின்றன. மரம் வந்தால் கரிமம் சேரும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் வடக்கு சுவீடனின் அபிஸ்கோ பகுதியில் அளந்து பார்த்தபோது, மரங்களையும் மண்ணையும் சேர்த்தே கணக்கிட்டும், பிர்ச் காடு அருகிலிருந்த தூந்திரப் புதர்வெளியைவிடக் குறைவான கரிமத்தையே வைத்திருந்தது. குளிரால் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மட்காமல் கிடந்த கரிமப் பொருளை, மரத்தின் சர்க்கரையில் வாழும் வேர்ப்பூஞ்சைகளும் வேரைச் சுற்றியுள்ள நுண்ணுயிர்களும் உடைத்துவிடுகின்றன என்பதே இதற்கான விளக்கம். பக்கத்திலேயே எரிகா குடும்பப் புதர்களோடு வாழும் வேறுவகைப் பூஞ்சைகள், எளிதில் சிதையாத இழைகளை விட்டுச்சென்று மண்ணில் கரிமத்தைக் கட்டிவைக்கின்றன. ஆகவே மரம் நடுவது எங்கும் நன்மையே என்று சொல்லும்போது, எந்தப் பூஞ்சையோடு வரும் மரம், எந்த மண்ணில் என்ற இரண்டையும் கேட்காமல் விடக்கூடாது.

இடம்பெயர்வதில் இருதரப்பும் ஒரே வேகத்தில் செல்வதில்லை என்பதே இந்த விஷயத்தின் மையச் சிக்கல் என்று நினைக்கிறேன். இதைக் காட்டப் பைன் மரத்தைவிட நல்ல சாட்சி இல்லை. தென்னரைக் கோளத்தின் பெரும்பகுதியில் பைன்கள் இயற்கையாக இருந்ததில்லை. அவற்றை அங்கே கொண்டுபோய் நட்டவர்கள், கன்றுகள் மஞ்சளித்துக் குன்றிப் போவதைத் திரும்பத் திரும்பக் கண்டார்கள். பழைய பைன் காட்டு மண்ணில் ஒரு கூடை கொண்டுவந்து போட்ட பிறகே அவை பிழைத்தன. அர்ஜென்டினாவின் நாவெல் வாப்பி ஏரியில் விக்டோரியா என்றொரு தீவு இருக்கிறது. அங்கே 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நூற்றுக்கும் மேற்பட்ட வெளிநாட்டு மர இனங்களை நட்டார்கள். ஊசியிலை மரங்களும் அவற்றில் ஏராளம். பல பத்தாண்டுகள் கழிந்தும் அவை தோட்டத்தைத் தாண்டிப் பெரிதாகப் பரவவில்லை. ஆராய்ந்தபோது, தோட்டத்திலிருந்து விலகிய மண்ணில் அவற்றுக்குரிய பூஞ்சை மிகக் குறைவாக இருந்ததும், அதனால் விதை போய் விழுந்தும் கன்று தேறாததும் தெரிந்தது. அந்தத் தடையை உடைத்துக்கொண்டிருப்பவையும் வெளியிலிருந்து வந்த விலங்குகளே: காட்டுப்பன்றியும் செம்மானும் பூஞ்சையைத் தின்று, அதன் வித்துகளைச் சாணத்தோடு தொலைவில் விதைக்கின்றன. பூஞ்சை போய்ச் சேர்ந்த இடத்தில் பைனும் போய்ச் சேர்கிறது. சூய்லஸ் என்ற காளான் ஒன்று துணையிருந்தாலே பைன் ஒரு புதிய நிலத்தைப் பிடித்துவிடும் என்பதைச் சிலியில் கண்டிருக்கிறார்கள். நியூசிலாந்தில் இப்படிப் பரவிய பைன்களை அழிப்பதே ஒரு தனி வேலையாகிவிட்டது.

பூஞ்சை தன் மரத்தை விட்டுவிட்டு வேறு மரத்தைப் பிடித்துக்கொள்வதும் உண்டு. ஐரோப்பாவிலிருந்து நட்ட மரங்களின் வேரோடு வந்ததாகக் கருதப்படும் மரணத்தொப்பி என்னும் கொடிய நச்சுக்காளான், இன்று கலிபோர்னியாவின் கரையோர ஓக் மரங்களோடு உறவாடி அந்நாட்டுக் காட்டிலேயே நிலைத்துவிட்டது. மரத்துக்கு அதனால் கேடு ஒன்றும் தெரியவில்லை. கேடு, அதைப் பறித்துச் சமைப்பவருக்கு.

இனி கொல்லும் பூஞ்சைகள். 1904இல் நியூயார்க் விலங்குக் காட்சிச்சாலையில் நின்ற அமெரிக்கச் செஸ்ட்நட் மரங்களில் ஒரு பட்டை நோய் கண்டறியப்பட்டது. ஆசியாவிலிருந்து வந்த அந்தப் பூஞ்சை அடுத்த அரை நூற்றாண்டில் 300 கோடிக்கும் மேற்பட்ட மரங்களை வீழ்த்தியது. இதைவிட நுட்பமான பாடம் ஐரோப்பிய ஆஷ் மரத்தின் கதையில் இருக்கிறது. கிழக்காசியாவில் மஞ்சூரிய ஆஷ் மரத்தின் இலைகளில் பெரிய தொல்லையின்றி வாழ்ந்து, உதிர்ந்த இலையில் சிறு வெண்காளானாகக் கனிந்து வந்த ஒரு பூஞ்சை, 1990களின் தொடக்கத்தில் போலந்தில் ஆஷ் மரங்கள் காய்ந்தபோது முதன்முதலாகத் தன் இருப்பைக் காட்டியது. 2012இல் பிரிட்டனில் கண்டறியப்பட்டது. ஐரோப்பா முழுதும் பரவியுள்ள இதன் வம்சம் இரண்டே தனிப்பூஞ்சைகளிலிருந்து பெருகியது என்று மரபணு ஆய்வு சொல்கிறது. நீண்டகாலம் சேர்ந்து வாழ்ந்த மரத்துக்கும் அந்தப் பூஞ்சைக்கும் இடையே ஒரு சமரசம் உருவாகியிருந்தது. புதிய மரத்தோடு அந்தச் சமரசம் பேசி முடிக்கப் போதிய காலம் கிடைக்கவில்லை. ஆஷ் அகவகைப் பூஞ்சையோடு வாழும் மரம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அது விட்டுச்சென்ற இடத்தில் ஓக்கோ பீச்சோ எழுந்தால், அவற்றின் புறவகைப் பூஞ்சைகளும் உடன்வந்து இலை மட்கும் வேகத்தையும் மண்ணின் சத்துச் சுழற்சியையும் மாற்றிவிடும்.

காப்பாற்றும் பக்கத்தில் என்னை இன்னும் வியக்கவைப்பது, அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளை ஒட்டி வளரும் ஒரு புல். அதன் திசுக்களுக்குள் கர்வுலேரியா என்ற பூஞ்சை வாழ்கிறது. இரண்டும் சேர்ந்திருக்கும்போது 65 பாகை செல்சியஸ் மண்வெப்பத்தையும் புல் தாங்குகிறது. பிரித்துவிட்டால் புல்லும் பூஞ்சையும் 40 பாகையைக்கூடத் தாங்குவதில்லை. இதுவே பெரிய செய்தி என்று நினைத்திருந்தபோது, 2007இல் மூன்றாவது கூட்டாளி ஒன்று வெளிப்பட்டது. பூஞ்சைக்குள் ஒரு வைரஸ் இருக்கிறது. அதை நீக்கினால் வெப்பந்தாங்கும் வலிமை போய்விடுகிறது, மீண்டும் புகுத்தினால் திரும்பி வருகிறது. அதே பூஞ்சையை வைரஸோடு தக்காளிச் செடியில் குடியேற்றினாலும் ஓரளவு பலன் தெரிந்தது. இனி எல்லாப் பயிரையும் இப்படியே வெப்பத்துக்குத் தயாராக்கிவிடலாம் என்று எழுதியவர்கள் அவசரப்பட்டார்கள் என்றே சொல்வேன், ஏனெனில் வெந்நீர் ஊற்றின் கரையில் தலைமுறை தலைமுறையாகச் சலித்தெடுக்கப்பட்ட ஒரு கூட்டணியை வயலில் ஒரே பருவத்தில் உருவாக்கிவிட முடியாது.

தீயும் எரிமலையும் போன்ற திடீர் அழிவுகளில் கேள்வி வேறாகிறது: மண்ணில் என்ன மிஞ்சியிருக்கிறது? ரைசோபோகன் என்னும் நிலத்தடிக் காளானின் வித்துகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடந்து, தீக்குப் பின் முளைக்கும் பைன் கன்றுகளின் வேரை முதலில் பற்றுகின்றன. அவை எவ்வளவு காலம் உயிரோடிருக்கும் என்று அறிய, கலிபோர்னியாவில் 99 ஆண்டுகளுக்கென்று திட்டமிட்டு அவ்வித்துகளைப் புதைத்து வைத்திருக்கிறார்கள். முதல் நான்கு ஆண்டுகளில் அவற்றின் வீரியம் குறையவில்லை, கூடியிருந்தது. 1980இல் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை வெடித்து நுரைக்கல் மூடிய வெளியில், 1983இல் கோஃபர் எனப்படும் வளைதோண்டும் கொறிவிலங்குகளை ஒரே ஒரு நாள் விட்டுவைத்தார்கள். புதைந்துபோன பழைய மண்ணை, அதன் பூஞ்சைகளோடும் நுண்ணுயிர்களோடும் அவை மேலே கிளறிக் கொண்டுவந்தன. ஆறு ஆண்டுகளில் அங்கே சுமார் 40,000 செடிகள் நின்றன. சுற்றியிருந்த வெளி அப்போதும் வெறுமையாகவே கிடந்தது.

பூஞ்சை வலை வழியாகத் தாய்மரம் தன் கன்றுகளுக்கு உணவனுப்புகிறது, மரங்கள் பேசிக்கொள்கின்றன என்ற கதையை இந்த இடத்தில் பலரும் எதிர்பார்ப்பார்கள். 1997இல் சூசன் சிமார்ட் என்ற காட்டியல் ஆய்வாளரும் குழுவினரும் பிர்ச்சுக்கும் டக்ளஸ் ஃபிர்ருக்கும் இடையே கரிமம் இடம்மாறியதைக் காட்டியது மெய். ஆனால் அது பூஞ்சை இழை வழியாகத்தான் சென்றது என்பதற்கும், பெற்ற மரம் அதனால் பயனடைந்தது என்பதற்கும் காட்டில் கிடைத்த சான்று மெலிதானது என்று 2023இல் மூன்று ஆய்வாளர்கள் விரிவாக எழுதினார்கள். அவர்களில் ஒருவர் 1997 கட்டுரையின் இணை ஆசிரியர் என்பது கவனிக்கத்தக்கது. வலை இல்லை என்பதன்று இதன் பொருள். வறட்சியில் காடு தன்னைத்தானே காத்துக்கொள்ளும் என்று அந்தக் கதையை நம்பி இருந்துவிடக் கூடாது என்பதே பொருள்.

பூஞ்சைகளின் நாட்காட்டியும் மாறிவருகிறது. தெற்கு இங்கிலாந்தில் ஆர்வலர் ஒருவர் பத்தாண்டுக்கணக்கில் எழுதிவைத்த குறிப்புகளை அவருடைய மகன் ஆய்வாளராக இருந்து பகுத்தபோது, இலையுதிர்காலக் காளான் பருவம் 1950களில் சராசரியாக 33 நாள்களாக இருந்தது 2000களில் 75 நாள்களாக நீண்டிருந்தது. சில இனங்கள் வசந்தத்திலும் ஒருமுறை கனியத் தொடங்கியிருந்தன.

கடைசியாக, பொட்டலக் கேள்வி. விற்பனைக்கு வரும் அகவகைப் பூஞ்சைக் கலவைகளைச் சோதித்த ஆய்வுகளில், வேரில் குடியேறும் அளவுக்கு உயிருள்ள வித்துகள் பலவற்றில் இல்லை என்று மீண்டும் மீண்டும் தெரியவந்திருக்கிறது. உயிரோடிருந்தாலும், மணிச்சத்து உரம் தாராளமாக இட்ட மண்ணில் செடி அதை ஏற்காது; கடுகுக் குடும்பச் செடிகளுக்கு வேர்ப்பூஞ்சையே தேவையில்லை. தொற்றுநீக்கிய ஊடகத்தில் நாற்று வளர்ப்பவருக்கும், மேல்மண் முழுதும் போய்விட்ட சுரங்க நிலத்தில் செடி வளர்க்க முயல்பவருக்கும் அது பயன்படலாம். ஏற்கெனவே செடிகொடிகள் வளரும் மண்ணில் பெரும்பாலும் பயன்படாது. தொலைதூரத்துப் பூஞ்சையைக் கொண்டுவந்து கொட்டினால் என்ன ஆகும் என்பதற்குப் பைனும் சூய்லஸும் போதுமான எச்சரிக்கை.

இதைவிட நம்பத்தக்க வழி, நிலத்துக்கு அருகிலேயே கெடாமல் இருக்கும் இயற்கை வெளியின் மண்ணைச் சிறிதளவு எடுத்து வந்து தூவுவது. நெதர்லாந்தில் கைவிடப்பட்ட வயல் ஒன்றில் இதைச் செய்து பார்த்தார்கள். மேல்மண்ணை நீக்கிவிட்டு, ஒரு பகுதியில் புல்வெளியின் மண்ணையும் மற்றொரு பகுதியில் எரிகா புதர்வெளியின் மண்ணையும் மெல்லிய படலமாகப் பரப்பினார்கள். ஆறு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, புல்வெளி மண் விழுந்த இடம் புல்வெளியாகவும், புதர்வெளி மண் விழுந்த இடம் புதர்வெளியாகவும் உருவாகிக்கொண்டிருந்தது. அம்மண்ணில் பூஞ்சையோடு விதையும் புழுவும் பாக்டீரியாவும் சேர்ந்தே வந்தன என்பதால் முழுப் பெருமையையும் பூஞ்சைக்குக் கொடுத்துவிட முடியாது. எனினும், எடுக்கப்படும் வெளிக்குக் காயம் படாத அளவுக்குக் கொஞ்சமாக எடுத்து, உரமிடுவதை நிறுத்திவிட்டுத் தூவுவதானால், காசு கொடுத்து வாங்கும் பொட்டலத்துக்கு முன்பு முயன்று பார்க்க வேண்டியது இதைத்தான்.